வாஷிங் டேபிளுக்கு மேலே ஒரு பெட்டி

1. ஒரு திங்கட்கிழமை பெங்களூரிலிருந்து அட்டைப்பெட்டி ஒன்று வந்தது. உள்ளே, காற்றில் கலந்திருக்கும் ஆவியை அளக்கும் சென்சார்.

2. புதன்கிழமை அதை அசெம்பிளி ஹாலில், வாஷிங் டேபிளுக்கு மேலே, சுவரில் மாட்டினோம்.

3. வியாழக்கிழமை அதைக் கட்டடத்தின் கட்டுப்பாட்டுக் கம்பியோடு இணைத்தோம்.

4. அன்று மாலை என் அறைக் கம்ப்யூட்டரில் அதன் எண் வந்தது. இணைப்பு சரியாக இருக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

5. மறுநாளிலிருந்து பதினெட்டு வேலை நாட்கள், நாளுக்கு மூன்று முறை, அந்த எண்ணைத் தாளில் குறித்தேன்.

6. பத்தொன்பதாம் வேலை நாள், அந்தப் பதினெட்டுத் தாள்களையும் ஆதாரமாக வைத்து ஒரு பெண்ணை வேலையை விட்டு நிறுத்தப் போகிறார்கள் என்று தெரிந்தது.

இந்த வரிசையில் நான்காவது தவறு. அதை நான் பத்தொன்பதாம் நாள் மதியம்தான் கண்டுபிடித்தேன்.

இது நடந்தது தொண்ணூற்றைந்தில். கருவியியலில் டிப்ளமோ முடித்துவிட்டு விருதுநகர் பக்கத்திலிருந்து ஓசூருக்கு வந்து எனக்கு ஒன்பது மாதம் ஆகியிருந்தது. பன்னிரண்டு மாதம் முடிந்தால் வேலை நிரந்தரம். வெளிநாட்டு நிறுவனங்களுக்கு மின்னணு போர்டுகளைப் பூட்டி, சால்டர் வைத்து, கழுவி அனுப்பும் தொழிற்சாலை. தூசி புகக் கூடாது என்று ஹாலின் ஜன்னல்கள் எல்லாம் அடைக்கப்பட்டு ஏ.சி. போட்டிருந்தது. இரண்டு வரிசையில் பெண்கள். வரிசைகளின் கோடியில் வாஷிங் டேபிள். அங்கே நான்கு பேர், சால்டர் வைத்த இடத்தில் ஒட்டியிருக்கும் பிசினைப் பிரஷால் ஒரு திரவத்தில் கழுவுவார்கள். அந்தத் திரவம் பெயின்டில் கலக்கும் தின்னரைப் போல மணக்கும். ஹாலுக்குள் நுழைந்தவுடன் தெரியும். பத்து நிமிடம் இருந்தால் தெரியாமல் போய்விடும்.

கட்டடத்தின் ஏ.சி.யை ஒரு கம்ப்யூட்டர் கவனித்துக்கொண்டது. இந்தப் பகுதியில் அது புதிது. கட்டடத்தைச் சுற்றி இரண்டே கம்பிகள் கொண்ட ஒரு கேபிள் ஓடும். அதில் வெப்பம் அளப்பவை, ஈரப்பதம் அளப்பவை, காற்றுக் கதவைத் திறக்கும் மோட்டார் என ஏழு கருவிகள். ஒவ்வொன்றுக்கும் ஓர் அடையாள எண். பள்ளியில் வருகைப் பதிவு எடுப்பதுபோல என் அறையில் இருந்த கம்ப்யூட்டர் ஒன்று, இரண்டு, மூன்று என்று கூப்பிடும். கூப்பிட்ட எண்ணுக்குரிய கருவி மட்டும் தன் அளவைச் சொல்லும். மற்றவை பேசாமல் இருக்கும்.

போர்டு வாங்கும் நிறுவனத்திலிருந்து வந்தவர் ஒருவர் வாஷிங் டேபிள் பக்கம் நின்று மூக்கைச் சுருக்கியதால் எட்டாவது கருவி வந்தது. பூஜ்யத்திலிருந்து நூறு வரை அளக்கும் சென்சார். அறுபதுக்கு மேல் போனால் கம்ப்யூட்டர் காற்றுக் கதவைத் திறந்து வெளிக்காற்றை உள்ளே விடும். சாதாரணமாக அந்தக் கதவு மூடியே இருக்கும். வெளிக்காற்று வந்தால் ஏ.சி. திணறும், ஹால் சூடாகும், தூசி வரும். அதனால் அறுபதைத் தாண்டாத வரை யாரும் அதைத் திறக்க விரும்பவில்லை.

மாட்டியவர் எங்கள் கான்ட்ராக்ட் எலெக்ட்ரீஷியன். நாற்பதை நெருங்கியவர், ஊர் நாகரசம்பட்டி. ஓசூரில் அறை எடுத்துத் தங்கி, சனிக்கிழமை மாலை பஸ் பிடித்து வீட்டுக்குப் போவார். வீட்டில் தெலுங்கு, வேலையில் தமிழ், பெங்களூரிலிருந்து வருபவர்களிடம் கன்னடம். அவர் போட்ட வயரிங்கை அளவுகோல் வைத்துப் பார்க்கலாம், அவ்வளவு நேர். ஒவ்வொரு வயர் நுனியிலும் எண் பொறித்த வளையம் மாட்டுவார். அந்த எண்களில் எட்டு இருக்காது.

சேர்ந்த முதல் மாதமே இதைக் கவனித்திருந்தேன். ஏழுக்கு அடுத்து ஒன்பது ஏன் என்று கேட்டேன்.

"எட்டுல கரண்ட்டு போகாது மேடம்," என்றார்.

பக்கத்தில் இருந்த ஃபிட்டர், "பதினேழுலயும் போகாது, இருபத்தாறுலயும் போகாது. கூட்டிப் பாருங்க, எட்டு வரும்," என்றார்.

எண் ஜோதிடப் புத்தகங்கள் பஸ் ஸ்டாண்டில் தொங்கும் காலம் இது. வண்டி எண்ணில் எட்டு வந்தால் மாற்றிக்கொண்டவர்களை எனக்குத் தெரியும். வயரின் இரண்டு நுனியிலும் ஒரே எண் இருந்தால் போதும். அது எட்டா ஒன்பதா என்பது மின்சாரத்துக்குப் பொருட்டில்லை. வரைபடத்தில் நானும் எட்டை அடித்துவிட்டு ஒன்பது என்று எழுதிக்கொண்டேன்.

சென்சாருக்குள் நான்கு குட்டிச் சுவிட்சுகள் இருந்தன. அவற்றை மேலும் கீழும் தள்ளித்தான் அதன் அடையாள எண்ணை அமைக்க வேண்டும். எட்டு என்றால் நான்காவதை மட்டும் மேலே. ஒன்பது என்றால் நான்காவதோடு முதலாவதும். அவர் ஏணியில் நின்றுகொண்டு, "அடுத்த நம்பர்தானே மேடம்?" என்றார். "ஆமாண்ணே, அடுத்த நம்பர்," என்றேன் கீழிருந்து. என் கையில் ஏழு வரிகள் கொண்ட பட்டியல் இருந்தது. மின்சாரம், கம்பிகளின் திசை, மூடி, திருகு. ஆறு வரிகளைச் சரிபார்த்தேன். ஏழாவது: சென்சாருக்கு அருகில் திரவத்தின் ஆவியைக் காட்டி, எண் மாறுகிறதா என்று பார்ப்பது. ஷிஃப்ட் ஓடிக்கொண்டிருக்கும்போது திரவத்தைத் தர முடியாது என்று லைன் சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். நான் அறைக்குத் திரும்பினேன். திரையில் எட்டாவது வரியில் 40 என்று இருந்தது. எண் வந்துவிட்டது. ஏழாவது வரிக்கும் டிக் போட்டேன்.

வேலையை விட்டு நிறுத்தப்படவிருந்த அந்தப் பெண் வாஷிங் டேபிளில் கடைசி நாற்காலி. அஞ்செட்டிக் காட்டுப் பக்கம் நாட்றாம்பாளையத்திலிருந்து வந்தவள். என்னைவிட ஒரு வயது குறைவாக இருக்கலாம். ஊர்ப் பெண்கள் மூவரோடு ஓசூரில் ஓர் அறையில் இருந்தாள். ஆறு மாதப் பயிற்சிக் காலத்தில் ஐந்து மாதம் முடித்திருந்தாள். நாளுக்கு மூன்று முறை எழுந்து வெளியே போய் சைக்கிள் ஸ்டாண்ட் படியில் பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு வருவாள். கேட்டால் தலை சுற்றுகிறது என்பாள். முதலுதவி அறையில் மாத்திரை கொடுத்தார்கள். காலையில் சாப்பிட்டுவிட்டு வா என்று சொன்னார்கள். சாப்பிட்டுவிட்டுத்தான் வருகிறேன் என்றாள். சூப்பர்வைசர் அவள் எழுந்த நேரமும் திரும்பிய நேரமும் எழுதி வைக்கத் தொடங்கினார்.

சென்சார் மாட்டிய இரண்டாம் வாரம் நான் அந்தப் பக்கம் போனபோது பிரஷை வைத்துவிட்டுக் கேட்டாள்.

"மேடம், அந்தப் பொட்டி இன்னா சொல்லுது?"

"நாப்பது."

"நாப்பதுன்னா?"

"காத்து நல்லா இருக்குன்னு அர்த்தம். அறுபதைத் தாண்டினாத்தான் கெட்டது."

"அப்ப எனக்குத்தான் கெட்ட மூக்கா?"

பக்கத்து நாற்காலிக்காரி சிரித்தாள். "அவளுக்குக் காட்டுக் காத்து வேணுமாம் மேடம். அஞ்செட்டியிலேர்ந்து ஒரு பைப்பு போட்டுக் குடுத்துடுங்க."

"பைப்பு போட்டா நீயும்தான் மோந்துக்குவ," என்றாள் இவள், போர்டைத் திருப்பிக்கொண்டே.

நானும் சிரித்துவிட்டு வந்தேன். அன்றைய தாளில் மூன்று முறையும் நாற்பதுதான். உண்மையில் நான் எழுதியது வெறும் நாற்பது அல்ல. திரையில் எண்ணுக்குப் பக்கத்தில் சின்ன நட்சத்திரக் குறி ஒன்று இருந்தது. இருப்பதை இருப்பதுபோல் எழுதுவது என் வழக்கம். ஆகவே ஒவ்வொரு முறையும் 40 என்று எழுதி அருகில் நட்சத்திரமும் போட்டேன். பதினெட்டு நாட்களில் ஐம்பத்து நான்கு நட்சத்திரங்கள். அது எதற்கு என்று ஒரு முறையும் கேட்கவில்லை.

பத்தொன்பதாம் நாள் வெள்ளிக்கிழமை. காலையில் பணியாளர் பிரிவு அதிகாரி என்னைக் கூப்பிட்டுத் தாள்களை வாங்கிக்கொண்டார். எதற்கு என்று கேட்டேன்.

"நாளைக்கு ஒரு விசாரணை இருக்கும்மா. காத்து சரியில்லன்னு ஒரு பொண்ணு சொல்லுது. மெஷின் சரியா இருக்குன்னு சொல்லுது. மெஷினுக்கு யார் மேலயும் கோபம் கிடையாது பாரு."

அவர் கோபக்காரர் இல்லை. நியாயமாக நடந்துகொள்வதாகவே நினைத்தார். பயிற்சிக் காலம் முடியுமுன் நிறுத்திவிட்டால் யாரும் எதுவும் கேட்க முடியாது என்பதையும் சொன்னார்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவள் கேன்டீன் குழாயடியில் டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கி பதினோரு மணிக்குக் கூப்ட்டுக்கிறாங்க மேடம். உங்க சீட்டத்தான் காட்டுவாங்களாம்."

"கம்ப்யூட்டர்ல வந்ததைத்தான் நான் எழுதினேன்."

"நீங்க பொய் எழுதுனீங்கன்னு நான் சொல்லலியே. உங்க பொட்டிக்குச் சளி புடிச்சிகினு இருந்தா?"

"அதுக்கெல்லாம் சளி பிடிக்காது."

அவள் டப்பாவை உதறினாள். "நேத்து சாப்பாட்டு மணி அடிக்கிறதுக்கு முன்னாடி எங்க டேபிள் கிட்ட ஒரு கேன் சாஞ்சு போச்சு. தரையெல்லாம் ஆச்சு. சூப்பர்வைசரே மூக்க பொத்திகினு ஓடுனாரு. அப்பவும் நாப்பதுதானா?"

ஒரு மணி அளவை நான் சாப்பாட்டு மணி அடித்தவுடன் எடுப்பேன். முந்தின நாளின் ஒரு மணி அளவு எனக்கு நினைவில் இருந்தது.

"நாப்பதுதான்," என்றேன்.

அவள் டப்பாவின் மூடியை அழுத்திப் பூட்டினாள். நான் சாப்பிடாமல் அறைக்குப் போனேன்.

சாப்பாட்டு நேரம் முடிய இருபத்தைந்து நிமிடம் இருந்தது. திரவக் கேன் இருந்த அலமாரியைத் திறக்கச் சூப்பர்வைசரிடம் நானே போய்க் கேட்டேன். இந்த முறை காரணம் சொன்னேன், திறந்தார். என் அறையில் ஒரு ஆளும் சென்சாரிடம் ஒரு ஆளும் வேண்டும். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட ஆள் அனுப்பிவிட்டு, அதுவரை அவளையே ஸ்டூலில் ஏறி நிற்கச் சொன்னேன். நனைத்த பஞ்சைப் பெட்டியின் துளைகளுக்கு முன்னால் பிடிக்க வேண்டும். அறையிலிருந்து இன்டர்காமில் பேசினேன்; பக்கத்து நாற்காலிக்காரி ரிசீவரை அவளிடம் தூக்கிப் பிடித்திருந்தாள்.

"காமிச்சிட்டேன் மேடம்."

திரையில் 40, நட்சத்திரம்.

"இன்னும் கிட்ட கொண்டு போங்க."

"இன்னும் கிட்டன்னா உள்ளதான் வெக்கணும். எனக்குக் கண்ணுல தண்ணி வருது. இதுக்கு ஒண்ணும் வரலியா?"

"வரல. இறங்கிடுங்க."

கம்ப்யூட்டரோடு வந்த தடித்த புத்தகத்தை எடுத்தேன். வாங்கி வைத்த நாளிலிருந்து யாரும் முழுதாகப் படிக்காத புத்தகம். பின்பக்க அட்டவணையில், திரையில் வரும் குறிகளின் பட்டியல் அரைப் பக்கம் இருந்தது. நட்சத்திரம்: கருவியிடமிருந்து பதில் இல்லை, கடைசியாக இருந்த எண் காட்டப்படுகிறது. இந்தச் சென்சார் ஒரு முறையும் பதில் சொன்னதில்லை. அப்படியானால் கடைசியாக இருந்த எண் எது? பெங்களூரிலிருந்து வந்து கம்ப்யூட்டரை அமைத்தவர், வரி வெறுமையாக இருக்க வேண்டாம் என்று ஏதோ ஓர் எண்ணைத் தட்டி வைத்துவிட்டுப் போயிருந்தார். அது நாற்பது.

எலெக்ட்ரீஷியன் வந்தார். ஏணி போட்டு மூடியைக் கழற்றினார். நானும் ஒரு ஸ்டூலில் ஏறிப் பார்த்தேன். நான்காவது சுவிட்ச் மேலே இருந்தது. முதலாவதும் மேலே இருந்தது.

"ஒம்பது வெச்சிருக்கீங்கண்ணே."

"அடுத்த நம்பர்னீங்களே."

"ஏழுக்கு அடுத்தது எட்டு."

அவர் குனிந்து சுவிட்சைப் பார்த்தார். "நமக்கு ஒம்பதுதானே மேடம்," என்றார். பிறகு, "அந்தப் பக்கம் பெங்களூர்க்காரன் எட்டுன்னு போட்டுட்டானா?" என்றார்.

அந்தப் பக்கம் எட்டுதான். வயருக்கு இரண்டு நுனியும் அவர் கையில் இருந்தது. அதனால் அவர் வழக்கம் இத்தனை வருடம் எதையும் கெடுக்கவில்லை. இந்தக் கேபிளுக்கு ஒரு நுனி மட்டும்தான் அவருடையது. கம்ப்யூட்டர் பதினெட்டு நாட்களாக எட்டு, எட்டு என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தது. எட்டு என்று யாரும் இல்லை. ஒன்பதைக் கூப்பிட அதற்கு யாரும் சொல்லவில்லை.

"முதல் சுவிட்சைக் கீழே தள்ளிடுங்க," என்றேன்.

அவர் டெஸ்டரை என்னிடம் நீட்டினார். "நீங்களே தள்ளிடுங்க மேடம். எனக்கு நம்பிக்கை கிம்பிக்கை ஒண்ணும் கிடையாது. பழக்கம். கை வரல."

நான் தள்ளினேன். கீழே நின்ற பெண்கள் இருவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவர் அவர்களைத் தெலுங்கில் ஏதோ சொல்லித் திட்டினார். அவர்களில் ஒருத்திக்குத் தெலுங்கு தெரியும் போல. இன்னும் அதிகம் சிரித்தாள்.

மூன்று மணிக்கு, வேலை நடந்துகொண்டிருக்கும்போது, திரையில் 74 என்று வந்தது. நட்சத்திரம் இல்லை. கூரையில் மோட்டார் சுற்றும் சத்தமும், காற்றுக் கதவு திறக்கும் சத்தமும் கேட்டன. ஹாலுக்குப் போனேன். டேபிளில் இருந்த நான்கு பேரும் மேலே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இப்ப மூச்சு வுடுது," என்றாள் அவள். பிறகு கேட்டாள்: "அப்ப அந்தச் சீட்டெல்லாம்?"

"அதெல்லாம் செல்லாது."

"அத அவங்க கிட்ட யாரு சொல்றது?"

பராமரிப்பு மேலாளரிடம் போனேன். அவர்தான் எனக்கு மேலதிகாரி. முழுதும் கேட்டார்.

"நல்ல வேளை, கண்டுபிடிச்சிட்ட. இன்னைக்குத்தான் கனெக்ஷன் கொடுத்தோம்னு புதுசா ஒரு தாள் எழுதிடும்மா. பழசை நான் திருப்பி வாங்கிக்கிறேன், ரீடிங்ல கொஞ்சம் சந்தேகம்னு சொல்லி."

"சந்தேகம்னு சொன்னா, அவங்க அதை வச்சே நாளைக்கு விசாரணை நடத்துவாங்க சார்."

"நடத்தட்டுமே. அது அவங்க வேலை. உனக்கு இன்னும் மூணு மாசம் இருக்கு. நீ கையெழுத்துப் போட்டது தப்புன்னு நீயே எழுதிக் கொடுத்தா, அதை யார் ஃபைல்ல வைப்பாங்க? உன் ஃபைல்ல."

அவர் சொன்னது உண்மை. என் நன்மைக்காகத்தான் சொன்னார். சரி சார் என்று சொல்லிவிட்டு வந்தேன். எதற்குச் சரி என்று நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

ஷிஃப்ட் முடியும் நேரத்தில் எலெக்ட்ரீஷியன் அறை வாசலில் நின்றார்.

"எழுதப் போறீங்களா மேடம்?"

"ஆமாண்ணே."

"என் பேரு போட்டுக்கோங்க. ஆனா எட்டுக்குப் பயந்துன்னு எழுதாதீங்க. கிருஷ்ணகிரி வரைக்கும் சிரிப்பாங்க."

நான் தங்கியிருந்த ஹாஸ்டலில் இரவுச் சாப்பாட்டுக்கு முன் எழுதி முடித்தேன். ஒரு பக்கம். வரிசை எண் போட்டு ஐந்து வரிகள். சென்சாரின் அடையாள எண் ஒன்று கூடுதலாக அமைக்கப்பட்டிருந்தது. அதனால் கம்ப்யூட்டருக்கு அதன் அளவு ஒரு நாளும் வரவில்லை. இணைத்த அன்று ஆவி காட்டிச் சோதிக்காமலே நான் கையெழுத்திட்டேன். பதினெட்டுத் தாள்களில் உள்ள எண் காற்றின் அளவு அல்ல. சரிசெய்தபின் மூன்று மணிக்கு வந்த அளவு எழுபத்து நான்கு. எலெக்ட்ரீஷியனின் பெயரைப் போடவில்லை. சோதித்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். சோதிக்க வேண்டியது என் வேலை.

சனிக்கிழமை ஒன்பது மணிக்குப் பணியாளர் பிரிவு அதிகாரியிடம் கொடுத்தேன். இரண்டு முறை படித்தார்.

"நேத்து எழுபத்து நாலுன்னா, போன மாசமும் எழுபத்து நாலா இருந்துச்சுன்னு ஆகாதேம்மா."

"ஆகாது சார். நாப்பதா இருந்துச்சுன்னும் ஆகாது."

அவர் பேனாவை மூடிவைத்தார். மேலாளருக்குத் தெரியுமா என்று கேட்டார். விஷயம் தெரியும், இந்தக் கடிதம் தெரியாது என்றேன். பதினோரு மணிக்கு விசாரணை நடந்தது. என்னைக் கூப்பிடவில்லை. கால் மணி நேரத்தில் அவள் வெளியே வந்து, என் அறை வழியாகப் போகையில் நின்றாள்.

"மூணு மாசம் தள்ளி வெச்சிருக்காங்க மேடம். போவவும் சொல்லல, நெரந்தரம்னும் சொல்லல."

"அதுக்குள்ள என்ன பார்ப்பாங்களாம்?"

"நான் எழுந்து போறனான்னு பாப்பாங்களாம். நீங்க பொட்டிய பாத்துகினு இருங்க."

அது நடந்து ஒன்றரை வருடம் ஆகிறது. அந்த மூன்று மாதத்தில் அவள் வெளியே போனது குறைந்தது, நிற்கவில்லை. சென்சாரின் அளவு பெரும்பாலும் ஐம்பதுக்கும் அறுபத்தைந்துக்கும் நடுவில் ஓடியது. காற்றுக் கதவு நாளுக்குப் பல முறை திறந்தது. அவளை நிரந்தரமாக்கினார்கள். என் கடிதம் என் ஃபைலில் இருக்கிறது. என் நிரந்தரம் ஆறு மாதம் தள்ளிப்போய், பிறகு கிடைத்தது. வாஷிங் டேபிளில் இப்போது ஐந்து பேர் வேலை செய்கிறார்கள். அவள் அவர்களில் ஒருத்தி. காலையில் ஒரு முறை சைக்கிள் ஸ்டாண்டுக்குப் போய்விட்டு வருகிறாள். அந்த நேரத்தை யாரும் எழுதி வைப்பதில்லை.